புதையாத பெட்டகம்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்களோடு அவற்றிலிருந்த பத்திரங்களும் புதைந்தன. இடம்பெயர்ந்தோர் தாம் யாரென்று நிரூபிக்கக் கடதாசி தேடி அலைவது இன்னொரு துயரம்.

ஒவ்வொரு குடியேற்றத்திலும் பத்திரங்களைச் சேமிக்கும் சிறு சேர்வர் ஒன்று வேண்டும் என்கிறோம். அலுவலகம் ஒதுக்கிய பழைய மடிக்கணினியே போதும். சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. தட்டைப் பொருத்தினால் இரைச்சல் குறையும். லினக்ஸ் மென்பொருள் இலவசம். 20 வாற்றில் இரவுபகல் ஓடினாலும் நாளுக்கு அரை அலகு மின்சாரமே செலவு. சிறு வைஃபை ரவுட்டர் இருந்தால், கைபேசியால் எடுத்த பத்திரப் படங்களை இணையமின்றியே சேர்க்கலாம். குடும்பத்துக்கொரு கடவுச்சொல் அவசியம். மறுபிரதி வேறு ஊரில் இருக்கட்டும். ஒரே மலையை நம்பலாகாது.

படம் மூலப்பத்திரம் ஆகாது. ஆனால் புதிய பிரதி கேட்க இலக்கமும் திகதியும் கையிலிருக்கும். நம் உரிமையின் சான்றை நாமே காப்போம்.