கட்டினால் மட்டும் போதுமா கழிப்பறை?

காட்பாடி ரயில் சந்திப்பில் இறங்குவோரில் கணிசமானோர் நோயாளிகள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருவோருக்கு இதுவே நுழைவாயில். தொழுநோய் சிகிச்சைக்கெனத் தொடங்கப்பட்ட கரிகிரி மருத்துவமனையும் அருகிலேயே உள்ளது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கியதும் இந்த மண்ணில்தான். மாற்றுத்திறனாளிகளின் பொதுக் கழிப்பறைக்கு அரசு ஒதுக்கும் நிதி எதற்குச் செலவாகிறது என்று கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று கருதுகிறேன்.

சட்டத்தில் குறையில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் அறிவிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகளை வெறும் வழிகாட்டுதல்களாக நிறுத்திய விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்கப் பணித்தது. தூய்மையான கழிப்பறை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஜனவரியில் மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குறை இருப்பது பணம் பாயும் முறையில். நிதி பெரும்பாலும் கட்டுமானத்துக்கே வருகிறது. பராமரிப்பு உள்ளாட்சியின் சொந்த வருவாயைச் சார்ந்து நிற்கிறது. எனவே சாய்தளமும் நீல நிறப் பலகையும் எழுகின்றன. கணக்கில் பணி முடிந்துவிடுகிறது. உள்ளே சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. கைப்பிடி தளர்ந்தால் மாற்ற ஆளில்லை. திருட்டுக்கு அஞ்சிக் கதவு பூட்டப்பட்டால் சாவி எவரிடம் என்று தெரிவதில்லை. விளைவு, பயண நாளில் பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு அது சிறுநீர்த் தொற்றுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் வழிவகுக்கும். கழிப்பறையில் மிச்சப்படுத்தும் பணத்தை மருத்துவமனையில் செலவழிக்கிறோம்.

காட்பாடி நிலைய மறுசீரமைப்புக்கான ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் ரூ.329 கோடி. அதனோடு ஒப்பிட்டால் முறையான சில கழிப்பறைகளின் செலவு மிகச் சொற்பம். ஆகவே நிதியில்லை என்ற பதில் இங்கு பொருந்தாது. இங்கிலாந்து அரசு 2021இல் மூன்று கோடி பவுண்டு நிதியைத் தனியே ஒதுக்கி, பெரியவர்களைப் படுக்கவைத்து உடை மாற்றும் மேசையும் தூக்கும் கருவியும் கொண்ட கழிப்பறைகளை அமைக்க உள்ளாட்சிகளுக்கு உதவியது. தனித் தலைப்பில் ஒதுக்கும் பணத்துக்குத்தான் தனிக் கணக்கும் கேட்க முடியும்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கழிப்பறைத் திட்ட மதிப்பீட்டிலேயே குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் பணியாளர் ஊதியத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, சக்கர நாற்காலிப் பயனர் ஒருவர் உள்ளே சென்று, திரும்பி, வெளியே வந்த பிறகே ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியல் தொகையை விடுவிக்க வேண்டும். மூன்றாவது, எந்தக் கழிப்பறை திறந்திருக்கிறது, பொறுப்பாளர் யார் என்பதை வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். முதியோரையும் தற்காலிகமாக நடக்க இயலாதோரையும் சேர்த்தால் தேவை பன்மடங்கு பெருகும். எத்தனை கழிப்பறைகள் கட்டினோம் என்பதை விடுத்து, இன்று எத்தனை திறந்திருக்கின்றன என்பதை அரசு அளவுகோலாகக் கொள்ளட்டும்.