செத்த ஊரா?

தனுஷ்கோடியைச் 'செத்த ஊர்' என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலும் கடலும் சேர்ந்து வந்தன. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில், நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு கடலில் போயிற்று. தண்டவாளம் போயிற்று; துறைமுகம் போயிற்று; 1914 முதல் தலைமன்னார்க் கப்பலுக்கு ஆள் கொண்டுவந்த போட் மெயிலின் பெருமையும் போயிற்று. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தது. கணக்கு முடிந்தது.

யாருடைய கணக்கு? ரயிலை நம்பி வந்த ஸ்டேஷன் மாஸ்டரும் சுங்க அதிகாரியும் போர்ட்டரும் போய்விட்டார்கள், சரி. கடலை நம்பியவன் எங்கே போவான்? மீனவன் திரும்பி வந்தான். ஓலைக் குடிசை கட்டினான். மணலைத் தோண்டி, ஊறிய நல்ல தண்ணீரை மொண்டு குடித்தான். நெடுங்காலம் மின்சாரமில்லாமலே பிள்ளைகளை வளர்த்தான்.

ரயில் போனால் ஊர் செத்துவிடும் என்பது என்ன நியாயம்? எங்கள் குமணன்சாவடியில் இப்போதுதான் தலைக்கு மேலே மெட்ரோ பாதை ஓடுகிறது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக நாங்கள் செத்தா கிடந்தோம்?

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். 2019-இல் புது ரயில் பாதைக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். ரயில் வரவில்லை, மனிதர்கள் வருகிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் வேன் பேசிக்கொண்டு போகிறார்கள். இடிந்த மாதா கோயில் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சங்கும் சோழியும் வாங்குகிறார்கள். பொரித்த மீனுக்குப் பேரம் பேசுகிறார்கள். திரும்பி வந்து, "அது பேய் நகரம், ஐயா" என்கிறார்கள். மீன் பொரித்துக் கொடுத்தவள் பேயா? பார்க்க வருகிறவனுக்குத் தகுதியான மண், இருக்கிறவனுக்கு மட்டும் தகுதியற்றுப் போவது எப்படி?

"கடல் மறுபடியும் வந்தால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2004 சுனாமி நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போயிற்று. அதைச் செத்த ஊர் என்று யாரும் தள்ளிவிடவில்லை. வீடு கட்டிக் கொடுத்தார்கள். தனுஷ்கோடிக்காரனுக்கும் அந்த மண்ணிலேயே பாதுகாப்புச் செய்யுங்கள். இல்லை, வேறு மண்தான் என்றால், அவனைக் கேட்டு, கடலுக்குப் போய்வரும் தூரத்தில் கொடுங்கள். இரண்டும் செய்யாமல் 'செத்த ஊர்' என்பது செலவில்லாத தீர்ப்பு. செத்த ஊருக்குப் பட்டா வேண்டாம், குழாய் வேண்டாம், விளக்கு வேண்டாம். அந்தச் சௌகரியத்துக்காகத்தானே இந்தப் பெயர்?