பல் போனாலும் தவணை போகாது

பல்லை நேராக்குவதும் பனியன் விற்பதும் ஒரே வியாபாரம் என்று அமெரிக்காவில் சிலர் நினைத்தார்கள். 2014ல் ஆரம்பித்த ஸ்மைல் டைரக்ட் கிளப் கதை அதுதான். வீட்டுக்கு ஒரு பெட்டி வரும். பல் அச்சை வாடிக்கையாளரே எடுத்து அனுப்ப வேண்டும். டாக்டர் எங்கிருந்தோ கம்ப்யூட்டரில் பார்த்து ஓகே சொல்ல, பிளாஸ்டிக் அலைனர்கள் தபாலில் வரும். கிளிப் போடுவதைவிட 60 சதவீதம் மலிவு என்று விளம்பரம் வேறு.

மலிவு தப்பில்லை. ஆனால் பல் எப்படி நகர்கிறது? அழுத்தும் பக்கம் எலும்பு கரைய வேண்டும், எதிர்ப்பக்கம் புதிதாக வளர வேண்டும். ஈறு நோய் இருக்கிற வாயில் இதைச் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும். எக்ஸ்ரே எடுத்து, வாயைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்? டாக்டரின் அந்த நேரம்தான் காசு. அதைத்தான் வெட்டினார்கள். சரி, லாபமாவது வந்ததா? பங்குச்சந்தைக்கு வந்த பிறகு ஒரு வருடம்கூட இல்லை! 2019 செப்டம்பரில் 23 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளே சறுக்கியது. 2023 செப்டம்பரில் திவால் மனு, டிசம்பரில் இழுத்து மூடல்.

கூத்து இனிமேல்தான். பாதி சிகிச்சையில் நின்றவர்களுக்கு அலைனர் கிடையாது. ஆயுட்கால உத்தரவாதம்? அதுவும் அவ்வளவுதான். ஆனால் தவணைக்காரர்கள் மட்டும் மிச்சத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்று மூடும்போது சொன்னார்கள். பேலன்ஸ் ஷீட்டில் அவர்கள் பெயர் பற்பல கடனாளிகள் (பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை :-)), அதாவது சொத்து. பாதி நகர்ந்த பல் எந்தக் கணக்கில் வரும்?

மூடும்போது கம்பெனி சொன்ன யோசனை என்ன தெரியுமா? சிகிச்சையைத் தொடர வேண்டுமானால் உள்ளூர் பல் டாக்டரைப் பாருங்கள்!