அலாரம் அடிச்சா வயரைக் கழட்டாதீங்க: பழைய அவுட்போர்டு எஞ்சின் சூடாவது ஏன்?

பழைய அவுட்போர்டு எஞ்சினில் சூடு அலாரம் அடிக்கடி அடித்தால், கரையில் யாராவது ஒருவர் சொல்வார்: “சென்சார் போயிருக்கும், வயரைக் கழட்டி விடுங்க.” கழட்டினால் சத்தம் நிற்கும், சூடு நிற்காது. நடுக்கடலில் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றால், படகில் இருப்பவர்கள் இன்னொரு படகு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஊரில் அப்பாவோ அண்ணனோ ஃபைபர் படகு வைத்திருக்கிறார், ரிப்பேர் செலவுக்கு நீங்கள் பணம் அனுப்புகிறீர்கள் என்றால், இது உங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

தண்ணீர் போகும் வழி

காரில் ஒரே கூலன்ட் திரும்பத் திரும்பச் சுற்றும். பெரும்பாலான அவுட்போர்டுகள் கடல் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்கின்றன. கீழே கியர் கேஸ் பக்கம் உள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் நுழையும். இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர் சக்கரம் அதை மேலே தள்ளும். எஞ்சினைச் சுற்றிய தண்ணீர் புகையோடு கீழே போய்விடும். கொஞ்சம் மட்டும் வெளியே தாரையாகப் பீய்ச்சும்.

“தண்ணி நல்லாத்தானே வருது, அலாரம்தான் பொய்” என்பது அந்தத் தாரையைப் பார்த்துச் சொல்வது. பல மாடல்களில் தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே அந்தத் தண்ணீர் பிரிந்துவிடும். அதனால் தாரை வந்தால் பம்ப் ஓடுது என்றுதான் அர்த்தம். சிலிண்டர் ஹெட் வரை தண்ணீர் போகுதா என்பதை அது சொல்லாது.

கடலில் அடித்தால்

உடனே வேகத்தைக் குறையுங்க. பாதுகாப்பான இடம் என்றால் எஞ்சினை நிறுத்தித் தூக்கிப் பாருங்க. பிளாஸ்டிக் பை, வலைத் துண்டு, பாசி ஏதாவது துளையை அடைத்திருக்கலாம். தாரை வராவிட்டால் அது வரும் ஓட்டையில் தூண்டில் நரம்பை விட்டு அடைப்பை எடுங்க. ஆயில் அளவையும் பாருங்க. பல எஞ்சின்களில் ஆயில் குறைந்தாலும் இதே பஸ்ஸர்தான் அடிக்கும். கொதிக்கும் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீங்க, உலோகம் விரிசல் விடும்.

கரையில் எதை முதலில் பார்ப்பது?

முதலில் இம்பெல்லர். ஆண்டுக்கு ஒரு முறையாவது கழட்டிப் பார்க்கணும். மணல், சேறு கலந்த தண்ணீரில் ஓடினால் இன்னும் சீக்கிரம். இதழ் உடைந்திருந்தால் புதுசு போட்டால் மட்டும் போதாது. உடைந்த துண்டு மேலே குழாயில் சிக்கியிருக்கும், அதையும் எடுக்கணும்.

அடுத்து தெர்மோஸ்டாட். பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் திறக்கணும், பல மாடல்களில் 50 முதல் 60 டிகிரிக்குள். திறக்காவிட்டால் மாத்துங்க. அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வு இல்லை. எஞ்சின் தேவைக்கு மேல் குளிர்ந்து எரிபொருள் சரியாக எரியாது.

மூன்றாவது உப்பு. உள்வழிகளில் படிந்த உப்பு வழியையே சுருக்கிவிடும். கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசினால் இது பெரும்பாலும் வராது. ஆனால் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீங்க, ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும்.

சென்சார் பொய் சொல்லாதா?

சொல்லும். எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே சாவியைப் போட்டதும் விடாமல் அடிக்கிறது, சென்சார் வயரைக் கழட்டியதும் நிற்கிறது என்றால் சென்சார்தான் கெட்டிருக்கும். அப்போது புது சென்சார் போடுங்க. ஓடும்போது சந்தேகம் வந்தால், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஹெட்டில் காட்டினால் உண்மை தெரியும்.

சோதனைக்காக வயரைக் கழட்டுவதில் தப்பில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கடலுக்குப் போவதுதான் தப்பு. இம்பெல்லரின் விலை சிறியது. எஞ்சின் இறுகினால் ஆகும் செலவு சில சமயம் அந்தப் பழைய எஞ்சினின் மதிப்பையே தாண்டும்.

பழைய எஞ்சின் வாங்குபவர்களும் இதைக் கவனிக்கணும். மூடியைத் திறந்து, சென்சார் வயர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்க. வெட்டியிருந்தால் விலை பேசுவதற்கு முன்னால் காரணம் கேளுங்க. வீட்டுப் படகு என்றால், இம்பெல்லரைக் கடைசியாக எப்போது மாத்தினாங்க என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்க.