எலிக்குக் கேட்டது நமக்கும் கேட்குமா?

எண்ணூர் மாணவர் ஒருவர் கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். குடல் புண், தோல் அரிப்பு இரண்டுக்கும் ஒரே வெண்பொடி. "அப்பாவுக்கு வாங்கலாமா, சார்?" என்றார். அப்பா மீனவர். 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது முதல் கைகளில் அரிப்பு.

பொடியின் பெயர் கே.பி.வி. லைசின், புரோலின், வாலின் என்னும் மூன்று அமினோ அமிலங்களைக் கோத்த சின்னஞ்சிறு பெப்டைடு. தோலைக் கருக்க வைக்கும் ஆல்ஃபா எம்.எஸ்.எச். ஹார்மோனில் 13 அமினோ அமிலங்கள் உண்டு. அதன் வால்நுனிதான் இது. கருமை தராது; அழற்சியைத் தணிக்கும். சிறு பெப்டைடுகளைக் குடற்செல்லுக்குள் ஏற்றிவிடும் 'பெப்-டி1' என்ற புரதம், பெருங்குடலில் சாதாரணமாக மிக அரிது. அழற்சி கண்டாலோ அங்கும் தோன்றிவிடுகிறது. நோயே மருந்துக்குக் கதவு திறக்கிறது, பாருங்கள்! 2008-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தினர் குடிநீரில் இதைக் கலந்து கொடுத்து, சுண்டெலிகளின் குடல் அழற்சியைக் குறைத்துக் காட்டினர்.

நான் இயற்பியல்காரன், இருந்தும் அந்த ஆய்வை வியந்து படித்தேன். ஆனால் சுண்டெலி வேறு, உங்கள் அப்பா வேறு. மனிதருக்கு எந்த அளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது? முறையான மனிதச் சோதனைகளே இதைச் சொல்ல முடியும். கே.பி.வி. இன்னும் மருந்தாக ஒப்புதல் பெறவில்லை. குப்பியில் இருப்பது அதுதானா என்று வாங்குபவருக்குத் தெரியவும் வழியில்லை. அதை விற்பது தவறு என்பதே என் கருத்து.

அப்பாவை ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். வலையில் ஒட்டிய எண்ணெயைப் பற்றியும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொன்னேன்.