பரிசோதனை முடிந்த பின்பும் முடியாத அச்சம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது தமிழர் நன்கறிந்த பழமொழி. விளக்கேற்றிய பின்பும் பேய் அகலாத ஒரு நிலையும் உண்டு. எச்.ஐ.வி பரிசோதனையில் தொற்று இல்லை என்ற முடிவு கைக்கு வந்த பின்பும், அதனை நம்ப இயலாது அல்லலுறும் மனத்தின் நிலை அது. புலம்பெயர் மண்ணில் வளரும் தமிழ் இளையோரும் இதற்கு விலக்கானவர் அல்லர். ஆயினும் பெரும்பாலான தமிழ் இல்லங்களில் இதனைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

இங்கிலாந்தின் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிலும் தமிழ் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். ஒருநாள் பாதுகாப்பற்ற உறவொன்று நேர்ந்துவிடுகிறது. ஏழு வாரங்கள் கழித்து மருத்துவ நிலையத்தில் இரத்தம் கொடுக்கிறான். தொற்று இல்லை என்று முடிவு வருகிறது. அன்றிரவு நிம்மதியாக உறங்குகிறான். மூன்றாம் நாள் தொண்டை கரகரக்கிறது. ஆய்வுகூடத்தில் இரத்தக் குழாய்கள் மாறியிருக்குமோ என்ற ஐயம் எழுகிறது. மீண்டும் ஒரு பரிசோதனை, மீண்டும் அதே முடிவு, மீண்டும் அதே ஐயம். விடுமுறைக்கு வீடு திரும்பும் மகன் மெலிந்திருப்பதைக் கண்ட தாய், படிப்புச் சுமை என்று எண்ணிக் கூடுதலாக ஒரு கரண்டி சோறு இடுகிறார்.

இந்த மாணவன் முதலில் அறிய வேண்டியது, அந்த முடிவு எவ்வளவு உறுதியானது என்பதேயாகும். எச்.ஐ.வி தொற்றைக் கண்டறியும் முதலாவது இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா 1985ஆம் ஆண்டில் அனுமதி வழங்கியது. வைரசுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருட்களை மட்டுமே அது தேடியது. எதிர்ப்பொருள் உருவாகக் காலம் தேவைப்பட்டமையால், மூன்று மாதங்கள், சில வேளைகளில் ஆறு மாதங்கள் காத்திருக்குமாறு அக்காலத்தில் அறிவுறுத்தப்பட்டது. இன்று ஆய்வுகூடங்களில் பயன்படும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, எதிர்ப்பொருட்களோடு வைரசின் பி24 எனும் புரதத்தையும் சேர்த்தே தேடுகிறது. ஆகவே காத்திருக்கும் காலம் குறைந்துள்ளது. நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வுகூடத்தில் இம்முறையில் சோதிக்கும்போது, ஐயத்திற்குரிய நிகழ்விலிருந்து 45 நாட்கள் கடந்திருந்தால் அம்முடிவை இறுதியானதாகக் கொள்ளலாம் என்பது பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல். விரல் நுனியில் குத்தி வீட்டிலேயே செய்யப்படும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாட்கள் தேவை. தொற்றைத் தடுக்கும் மருந்துகளை உட்கொண்டவரும், நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் சிகிச்சையில் உள்ளவரும் அதனை மருத்துவரிடம் கூறி, தமக்குரிய கால அளவைக் கேட்டறிதல் வேண்டும். ஏனையோருக்கு இந்தக் கணக்கில் மறைவு எதுவும் இல்லை. பழைய பரிசோதனைகளுக்கு உரிய ஆறு மாதக் கணக்கை எங்கோ வாசித்து, அதனை இன்றைய பரிசோதனைக்குப் பொருத்துவதே பலரது கலக்கத்திற்குக் காரணமாகிறது.

மீண்டும் ஒருமுறை சோதிப்பதால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்வி எழலாம். எந்த அளவுகருவியிலும் ஒரு சிறு பிழை வீதம் உண்டு. தொற்றில்லாதவரைத் தொற்றில்லாதவர் என்று சரியாகக் காட்டும் திறன் 99.8 விழுக்காடு எனக் கொண்டால், தொற்றே இல்லாத 1,000 பேரில் இருவருக்கு முதற்கட்டத்தில் தவறான எச்சரிக்கை கிட்டும். இதன் பொருட்டே எந்த எச்சரிக்கையும் மேலதிக சோதனைகளால் உறுதி செய்யப்பட்ட பின்னரே தொற்று என அறிவிக்கப்படுகிறது. உரிய காலம் கடந்து தெளிவான முடிவு பெற்றவர் மேலும் மேலும் சோதிக்கும்போது புதிய செய்தி எதுவும் அவருக்குக் கிடைப்பதில்லை. தவறான எச்சரிக்கை ஒன்றைச் சந்திக்கும் வாய்ப்பே கூடுகிறது. பதற்றத்தைத் தணிக்கச் சென்றவர் பெரும் பதற்றத்தைச் சுமந்து திரும்ப நேரிடலாம்.

உடலும் இதில் பொய்ச்சாட்சி சொல்கிறது. தொடக்க நிலைத் தொற்றின் அறிகுறிகளான காய்ச்சல், தொண்டை வலி, உடல் அசதி ஆகியன சாதாரணத் தடிமனுக்கும் உரியன. வியர்வை, வயிற்றுப்போக்கு, பசியின்மை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றை அச்சமே உண்டாக்க வல்லது. உண்ணாமலும் உறங்காமலும் இருப்பவரின் எடை குறைவது இயல்பு. அக்குறைவையே நோயின் சான்றாக மனம் எடுத்துக்கொள்கிறது. அறிகுறிகளைக் கொண்டு எச்.ஐ.வி தொற்றை உறுதி செய்யவும் இயலாது, மறுக்கவும் இயலாது. அதற்கென உள்ளது பரிசோதனை மட்டுமே.

இந்நிலை மருத்துவ உலகம் அறியாத ஒன்றல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், நோய் குறித்த இத்தகைய தீராப் பதற்றம் தனிக்கோளாறாக இடம்பெற்றுள்ளது. மருத்துவர் தரும் ஆறுதலும் பரிசோதனை முடிவும் சில மணி நேரத்திற்கோ சில நாட்களுக்கோ அமைதி தரும். பின்னர் ஐயம் முன்னிலும் வலுவாக மீளும். உப்புநீர் அருந்தித் தாகம் தணிக்க முயல்வதைப் போன்றது இது. இதற்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது. மருத்துவமனைகளை நாடிய 444 நோயாளிகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. நோய் குறித்த பதற்றத்திலிருந்து ஓராண்டில் இயல்பு நிலைக்குத் திரும்பியோரின் விகிதம், இச்சிகிச்சை பெற்றவரிடையே ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததை அது காட்டியது. எல்லோரும் குணமடைந்துவிடவில்லை. எனினும், பத்தாவது இரத்தப் பரிசோதனையை விட இதுவே பயனுள்ள வழி.

இவை யாவும் ஒருபுறமிருக்க, அந்த மாணவன் உண்மையில் எதனைக் கேட்கிறான் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொற்று உண்டா என்ற கேள்விக்கு அவனுக்கு விடை கிடைத்துவிட்டது. தான் தவறு செய்துவிட்டேனா, அம்மா அப்பா அறிந்தால் என்னவாகும் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை. இரத்தப் பரிசோதனையால் மன்னிப்பு வழங்க இயலாது. அதனிடம் மன்னிப்பைக் கேட்டு நிற்பவன் எத்தனை முறை கேட்டாலும் வெறுங்கையுடனேயே திரும்புவான்.

பெற்றோரின் அச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டறிந்தனர். 1987இல் பிரித்தானிய அரசு வீடுதோறும் துண்டறிக்கை அனுப்பியது. தொலைக்காட்சி விளம்பரத்தில் கல்லறைக் கல் காட்டப்பட்டது. எயிட்ஸ் என்றால் சாவு, அதற்கும் மேலாக மானக்கேடு என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் மனத்தில் பதிந்தது. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பின்னர் நிலைமை மாறியது. இன்று தொடர்ந்து மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவர், உறவின் மூலம் பிறருக்குத் தொற்றை அளிப்பதில்லை. அவர் நீண்ட ஆயுளுடன் வாழ இயலும். மருத்துவம் இவ்வளவு தூரம் வந்த பின்பும், பல வீடுகளின் வரவேற்பறைகளில் அந்தக் கல்லறைக் கல் அகற்றப்படாமலே நிற்கிறது.

அச்சம் இருந்தால்தான் பிள்ளைகள் ஒழுங்காக இருப்பார்கள் என்று வாதிடும் பெற்றோர் உளர். அவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகின்றனர். தொற்று ஏற்படக்கூடிய நிகழ்வின் பின் 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு விரைவாகத் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு நன்று. வீட்டில் வாய் திறக்க இயலாத பிள்ளை அந்த 72 மணி நேரத்தை அறையின் கதவை மூடிக்கொண்டு கழித்துவிடக் கூடும். அச்சம் ஒருவனைப் பத்துமுறை சோதிக்க வைக்கிறது, உண்மையில் சோதிக்க வேண்டிய இன்னொருவனைச் சோதிக்கவே விடாமல் தடுக்கிறது. இரண்டு பேரும் ஒரே தெருவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளாக இருக்கலாம்.

இளையோர் செய்யக்கூடியது தெளிவானது. உரிய நாட்கள் கடந்ததும் பாலியல் நல மருத்துவ நிலையத்தில் ஒருமுறை முறையாகப் பரிசோதித்தல் வேண்டும். பிரித்தானியாவில் இச்சேவை இலவசமானது, இரகசியம் காக்கப்படுவது. தொற்று இல்லை என மருத்துவர் கூறினால், புதிய நிகழ்வு ஏதுமின்றி அதே கேள்வியை மீண்டும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தல் வேண்டும். ஐயம் தொடருமாயின், அடுத்து நாட வேண்டியவர் உளநல ஆலோசகர். இங்கிலாந்தில் வயது வந்தோர் குடும்ப மருத்துவரின் பரிந்துரை இன்றியே தேசிய சுகாதார சேவையின் பேச்சுவழிச் சிகிச்சைக்குத் தாமே விண்ணப்பிக்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது இதனினும் எளிது, இதனினும் கடினம். பிள்ளை மெலிந்து வரும்போது சோற்றோடு ஒரு சொல்லையும் சேர்த்துப் பரிமாற வேண்டும். “எது நடந்திருந்தாலும் சொல்லு, அம்மா இருக்கிறேன்” என்ற அந்தச் சொல்லை எந்த ஆய்வுகூடத்தாலும் தர இயலாது. அது கிடைத்த வீட்டில், தொற்று இல்லை என்ற முடிவைப் பிள்ளை நம்பத் தொடங்குவான்.