ஏலக்காய்க்கு இணையக் கடை

கேள்வி: ஏலக்காயை 100 கிராம் பாக்கெட்டாக இணையத்தில் விற்க எந்த மென்பொருள் வாங்கலாம்?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: மாதம் பத்துப் பதினைந்து ஆர்டர்தான் என்றால் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கே போதும். அதற்கு மேல் போனால், ஷாப்பிஃபைக்கு மாதச் சந்தா உண்டு. வூகாமர்ஸ் இலவசம், ஆனால் சர்வர் வாடகையும் பராமரிப்பும் விற்பவர் தலையில்.

எதுவானாலும் கூரியர் கட்டணத்தை மொத்த எடைக்குப் போட வேண்டும். கூரியர்கள் பெரும்பாலும் அரைக் கிலோ கணக்கில்தான் வாங்குகின்றன. நான்கு பாக்கெட்டுக்கு நான்கு கட்டணம் காட்டினால் வாங்க வந்தவர் போய்விடுவார். ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் விலை ஏறி இறங்கும். அன்றன்றே செல்போனிலிருந்து விலை மாற்ற முடிகிறதா என்று பார்க்கவும். வாடிக்கையாளர் பட்டியலை எக்செல்லில் எடுக்கவிடாத மென்பொருள் வேண்டவே வேண்டாம். எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் கடைப் பக்கத்தில் போடவும்.

கம்பம் பன்னீர் திராட்சையையும் சேர்ப்பதானால், தூரத்துப் பின்கோடுகளுக்கு ஆர்டர் எடுக்காமல் தடுக்கும் வசதியும் தேவை. பழம் அத்தனை நாள் தாங்காது.